வெந்நீர்த் தொட்டியின் அடிவாய்

கந்த சஷ்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது திருச்செந்தூரில் அறை கிடைப்பது கடினம். பிளம்பர் கிடைப்பது அதைவிடக் கடினம். சூரசம்ஹாரம் பார்க்க வரும் கூட்டம் ஊரை நிறைப்பதற்குள் லாட்ஜுகள் தங்கள் குழாய்களையும் கீசர்களையும் ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். "அண்ணாச்சி, நூத்தி நாலுல கீசர் சொட்டிக்கிட்டே இருக்கு, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்ற அழைப்பு அந்த நாட்களில் ஓயாது. சொட்டு விழும் இடத்தைப் பார்த்தால், பல வேளைகளில் அது தொட்டியின் அடிப்பக்கம்தான். குளிர்ந்த நீர் உள்ளே நுழையும் வாயில் பொருத்திய, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளை வால்வு.

கீசர் வாங்கும்போது எல்லோரும் கேட்பது எத்தனை லிட்டர், எத்தனை நட்சத்திரம், எத்தனை வருட வாரண்டி என்பதைத்தான். அடியில் இருக்கும் அந்த வால்வைப் பற்றியோ, சில மாடல்களில் அதற்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் டிரெயின் பிளக்கைப் பற்றியோ கேட்பவர் அரிது. தொட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது அந்த அடிவாய்தான். அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து தொட்டியைக் கழுவ வேண்டும். நம் வீடுகளில் மாட்டிய நாளிலிருந்து கழற்றி எறியும் நாள் வரை அது ஒருமுறைகூடத் திறக்கப்படுவதில்லை.

ஏன் திறக்க வேண்டும் என்பது தொட்டியின் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும். சுவரில் செங்குத்தாகத் தொங்கும் 25 லிட்டர் கீசரில் வெளியே ஓர் உறை, நடுவே வெப்பத்தைத் தக்கவைக்கும் நுரை, உள்ளே எஃகுத் தொட்டி. இரண்டு குழாய்களும் அடியிலிருந்தே நுழைகின்றன. குளிர்நீர்க் குழாய் நுழைந்த இடத்திலேயே நின்றுவிடும். வெந்நீர்க் குழாயோ உள்ளே தொட்டியின் உச்சி வரை நீண்டிருக்கும். சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே சேர்வதால், அதை மேலிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது, அடியில் புகும் குளிர்நீர் மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. வரத்து நின்றால் வெந்நீரும் நின்றுவிடும். தொட்டி அப்போதும் நிறைந்தேதான் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எடுப்பது எப்போதும் மேலிருந்துதான் என்பதால், அடியில் தங்கும் மணலும் உப்புக்கட்டியும் பத்து ஆண்டு குளித்தாலும் வெளியே வராது. அவை வெளியேற இருக்கும் வழி அந்த அடிவாய் ஒன்றுதான்.

இனி அந்தச் சொட்டுக்கு வருவோம். கீசரின் குளிர்நீர் வாயில் இருக்கும் வால்வு ஒரே உடலில் பல வேலைகளைச் செய்கிறது. உள்ளே வந்த நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும். தொட்டிக்குள் அழுத்தம் வரம்பு மீறினால் நீரைக் கசியவிட்டுத் தணிக்கும். அதன் சின்ன நெம்புகோலைத் தூக்கினால் தொட்டியைக் காலி செய்யும் வாயாகவும் மாறும். தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் அதன் பருமன் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். 25 லிட்டரில் அது அரை லிட்டருக்கும் அதிகம். எஃகுத் தொட்டி அந்த அளவுக்கு விரியாது. நீரோ அழுத்தினால் சுருங்காது. பின்பக்கம் திரும்பும் வழியையும் வால்வு அடைத்துவிட்டதால், கூடுதல் நீர் வெளியேற இருக்கும் ஒரே வழி அழுத்தம் தணிக்கும் அந்தத் துளை.

ஆகவே கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி, சூடு ஆறியதும் நின்றுவிட்டால் வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். கீசரை அணைத்து, தொட்டி குளிர்ந்த பிறகும் சொட்டினால்தான் கோளாறு. வாஷருக்கும் அது அமரும் தளத்துக்கும் நடுவே ஒரு மணல்துகளோ உப்புத்துகளோ சிக்கியிருக்கும்; அல்லது ரப்பர் வெந்து விறைத்திருக்கும்; அல்லது பித்தளையே அரித்திருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் முதல் வகைச் சொட்டையும் நிறுத்தப் போய், அந்தத் துளையில் மூடி போட்டு அடைப்பவர்கள் உண்டு. வீட்டில் செய்யக்கூடிய மிக அபாயமான காரியங்களில் அது ஒன்று. தெர்மோஸ்டாட்டும் அதற்குத் துணையாக இருக்கும் வெப்பத் துண்டிப்பானும் பழுதானால் நீர் சூடேறிக்கொண்டே போகும். வீட்டுக் கீசர்கள் பலவற்றில் வால்வு திறக்க வேண்டிய வரம்பு 8 பார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 175 டிகிரி வரை கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். அப்போது தொட்டி எங்காவது கிழிந்தால், நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். சுவரைப் பெயர்த்துக்கொண்டு கீசர் பறப்பது இப்படித்தான். அந்தத் துளை திறந்தே இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு சிறு குழாயைத் தரை வடிகால் வரை கொண்டுபோய் விட்டால் சொட்டு யாரையும் தொந்தரவு செய்யாது.

மணலும் உப்பும் தொட்டிக்குள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குத் திருச்செந்தூரைவிட நல்ல பாடம் வேறு ஊரில் கிடைப்பது கடினம். இந்த ஊரில் இரண்டு வகை நீர் சந்திக்கிறது. ஒன்று, பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி. கருங்கல்லும் அதையொத்த பழம்பாறைகளுமே நிறைந்த மலையிலிருந்து வருவதால் அதில் சுண்ணாம்பு குறைவு. பாபநாசத்திலும் அம்பாசமுத்திரத்திலும் அந்த நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். ஆற்றின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பிரியும் தென்கால், கடம்பா குளம் போன்ற ஏரிகளை நிறைத்தபடி திருச்செந்தூர்ப் பக்கம் வருகிறது.

மற்றொன்று நிலத்தடி நீர். மேலே தேரிக்காட்டுச் செம்மணல்; கரையோரத்தில் சிப்பி ஓடுகள் பொடிந்து இறுகிய சுண்ணாம்பு மணற்கல். மழைநீர் இவற்றின் வழியே இறங்கும்போது மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாக நீரில் ஏற்றிவிடுகிறது. இதுதான் கடின நீர். அதோடு கடலும் பக்கத்தில் இருக்கிறது.

கடலுக்கு அருகே தோண்டினால் கடல்நீர்தானே வர வேண்டும்? கோயிலுக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி இருக்கும் நாழிக்கிணற்றில் பக்தர்கள் நல்ல நீரில் குளிக்கிறார்கள். கடலில் மூழ்கி எழுந்தவர்கள் அடுத்து இங்கே குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவது வழக்கம். இத்தகைய கிணறுகளின் இயற்பியலை நெதர்லாந்தின் ராணுவப் பொறியாளர் படோன் கைபன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கினார்; அவரை அறியாமலேயே ஜெர்மனியின் ஹெர்ஸ்பர்க் 1901-இல் அதே முடிவுக்கு வந்தார். கடல்நீரின் அடர்த்தி நல்ல நீரைவிட இரண்டரை சதவீதம் அதிகம். ஆகவே நிலத்தில் ஊறிய மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரம் நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும்.

இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது. போர்வெல் போட்டு உறிஞ்சி நல்ல நீரின் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழிருக்கும் உப்புநீர் 40 மீட்டர் வரை மேலேறி வரலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. நூறு குடம் நல்ல நீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 190 மில்லிகிராம் குளோரைடு ஏறிவிடும். இரண்டு குடம் கலந்தால் குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கத்தக்க அளவாகச் சொல்லும் 250 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அறைகள் நிறையும் திருவிழா நாட்களில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அந்த அளவுக்கு இந்தக் கணக்கு மோசமாகும். ஆகையால் மேல்தொட்டியில் சில நாள் ஆற்றுத் தண்ணீர், சில நாள் லாரித் தண்ணீர், சில நாள் சவர்த் தண்ணீர் என்று மாறி மாறி நிற்கிறது. கீசர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது.

உப்பும் சர்க்கரையும் சூடு ஏற ஏற அதிகம் கரையும் என்று பள்ளியில் படித்திருப்போம். சுண்ணாம்பு இதற்கு நேர்மாறு. கடின நீரைச் சூடாக்கினால் பைகார்பனேட் உடைந்து, கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிகிறது. நீர் எங்கே அதிகச் சூடோ அங்கே படிவும் அதிகம். அது நீரைச் சூடாக்கும் காயிலின் மேற்பரப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர். லாட்ஜ் அறையில் நாளுக்கு 100 லிட்டர் வெந்நீர். கீசருக்குள் ஒரு நாளில் நுழையும் சுண்ணாம்பு 30 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே படிகிறது என்று வைத்தாலும் நாளுக்கு 3 கிராம், ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல். காயிலில் ஒட்டியது சூட்டிலும் குளிர்ச்சியிலும் விரிந்து சுருங்கி, செதில் செதிலாக உதிர்ந்து, அடிவாயின் மேல் போய் உட்காருகிறது.

உப்பு படிந்தால் கரண்ட் பில் ஏறும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். மின்கீசரைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. காயில் முழுக்க நீருக்குள் மூழ்கியிருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் நீருக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை. 25 லிட்டரை 35 டிகிரி உயர்த்த ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் தேவை. 2 கிலோவாட் காயிலுக்கு அது அரைமணி நேர வேலை. படிவு இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மாறுவது காயிலின் ஆயுள். வெப்பத்தை எளிதில் கடத்தாத சுண்ணாம்புப் போர்வைக்குள் காயிலின் உறை அளவுக்கு மீறிச் சூடேறி, ஒருநாள் வெடித்துக் கிழிகிறது. அப்போது மின்சாரம் நீருடன் தொடர்பு கொள்ளும். எர்த் இணைப்பும், கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி-யும் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தீச்சுடரால் சூடாகும் தொட்டியில் நிலைமை வேறு. அங்கே சுடர் வெளியே, நீர் உள்ளே, நடுவே அடித்தகடு. வண்டல் அந்தத் தகட்டின் மேல் படிந்தால் வெப்பம் நீருக்குள் போகாமல் புகைபோக்கி வழியே வீணாகும். வண்டலுக்குள் சிக்கிய நீர் கொதித்து, பொரி பொரிவதுபோலப் படபடவென்று சத்தம் எழுப்பும். அமெரிக்காவில் மோட்டார்ஹோம் எனப்படும் நடமாடும் வீடுகளில் வெந்நீர் தருபவை பெரும்பாலும் இப்படிப்பட்ட எரிவாயு ஹீட்டர்கள். நம்மூரில் சினிமாக்காரர்களின் கேரவன் வண்டிதான் அதற்கு நெருங்கிய உறவு. மோட்டார்ஹோம் தொட்டிகளில் பரவலானவை 6 கேலன் கொள்ளளவு கொண்டவை. அதாவது 23 லிட்டர். நம் வீட்டுக் கீசரின் அளவேதான்.

ஆனால் அந்த வண்டி வைத்திருப்பவருக்குத் தன் ஹீட்டரின் அடிவாய் மிகப் பழக்கம். குளிர்காலத்தில் நீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், தொட்டி பிளந்துவிடும். ஆகவே பனி விழுமுன் ஒவ்வொரு ஆண்டும் தொட்டியைக் காலி செய்கிறார். காலி செய்யும்போது வண்டலும் வெளியேறுகிறது. பனியின் பயத்தால் வந்த வழக்கம் தொட்டியைத் தூய்மையாகவும் வைக்கிறது. பனியே இல்லாத திருச்செந்தூரில் அந்தப் பயம் இல்லை. அதனால் வழக்கமும் வரவில்லை. தேவை மட்டும் அங்கே இருப்பதைவிட இங்கே அதிகம்.

மோட்டார்ஹோம் ஹீட்டர்களில் நீண்டகாலம் போட்டியிட்ட இரண்டு பெயர்கள் ஆட்வுட், சபர்பன். அடிவாயைப் பற்றி இரண்டும் இரு வேறு முடிவுகளை எடுத்தன. ஆட்வுட்டின் தொட்டி அலுமினியம். அதன் அடியில் நைலான் பிளக். பிளாஸ்டிக் பிளக்கின் மரை தேய்ந்து கசியத் தொடங்கியதும், உறுதியாக இருக்கட்டும் என்று சிலர் பித்தளை வால்வைத் திருகிவிடுவார்கள். அலுமினியமும் பித்தளையும் நீரில் தொட்டுக்கொண்டு நின்றால் ஒரு மின்கலம் உருவாகும். அதில் கரைவது அலுமினியம். பிளக்கைக் காப்பாற்றப் போய்த் தொட்டியின் மரையை இழப்பதே மிச்சம். மலிவான நைலான் தேய்ந்தால் மாற்றலாம், தொட்டி தேய்ந்தால் மாற்ற முடியாது என்பது அந்த வடிவமைப்பின் கணக்கு. சபர்பனின் தொட்டியோ உட்புறம் கண்ணாடிப் பூச்சிட்ட எஃகு. அதன் டிரெயின் பிளக்கோடு சேர்ந்தே ஓர் உலோகத் தண்டு தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தண்டு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இது மிகச் சிறந்த யோசனை. நம் ஊர்க் கீசர்களிலும் இதைக் கொண்டுவந்தால் எவ்வளவோ தொட்டிகள் பிழைக்கும்.

அந்தத் தண்டின் கதை 1824-இல் தொடங்குகிறது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரித்துப்போயின. வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியிடம் வழி கேட்டார்கள். செம்போடு ஒரு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிட்டால், அது தன்னைக் கரைத்துச் செம்பைக் காக்கும் என்று டேவி காட்டினார். கப்பல்களில் பொருத்திப் பார்த்தபோது செம்பு அரிக்கவில்லை. ஆனால் கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை சிப்பிகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. கரைவது நின்றதும் அவை கப்பலடி முழுக்க ஒட்டிக்கொண்டன, வேகம் குறைந்தது. கடற்படை அத்திட்டத்தைக் கைவிட்டது. அறிவியல் தோற்கவில்லை, இடம்தான் பொருந்தவில்லை. எஃகுத் தொட்டியில் அதே தத்துவம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கீசருக்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டு, இரும்பைவிட விரைவில் எலக்ட்ரான்களை இழக்கும் உலோகம் என்பதால், கண்ணாடிப் பூச்சின் நுண்ணிய விரிசல்களில் தெரியும் எஃகைக் காத்துத் தான் கரைகிறது.

உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் கடற்கரை ஊரில் இந்தத் தண்டும் வேகமாகக் கரையும். தண்டு தீர்ந்த பிறகு அடுத்து கரையப்போவது தொட்டி. பாபநாசத்திலும் திருச்செந்தூரிலும் ஒரே கம்பெனியின் கீசரை ஒரே நாளில் மாட்டினாலும் ஒரே ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி வாங்கினால் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த எஃகைக் காப்பது அதன்மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடுப் படலம். குளோரைடு அந்தப் படலத்தை ஊசிக்குத்துப்போலத் துளைக்கும். பரவலாகப் புழங்கும் 304 வகை எஃகுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு என்பதைப் பொறியாளர்கள் தோராயமான எல்லையாக வைக்கிறார்கள். சூடான நீரில் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். துளை விழும் இடம் பெரும்பாலும் வண்டல் மூடிய அடிப்பகுதிதான். வண்டலுக்கடியில் ஆக்சிஜன் போய்ச் சேராததால் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள முடிவதில்லை. ஆக எந்த எஃகாக இருந்தாலும் அடியைக் கழுவாமல் தப்ப முடியாது.

பித்தளைக்கும் உப்புநீர் ஒரு தனி நோயைத் தருகிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். வெதுவெதுப்பான, குளோரைடு நிறைந்த நீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து போய், செம்பு மட்டும் சல்லடைபோல மிஞ்சும். உருவம் மாறாது; நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாகும். வலிமை போய்விட்டிருக்கும். ரெஞ்சு பிடித்துத் திருகும்போது பாதி வால்வு கையோடு வந்து, மரை தொட்டிக்குள்ளேயே தங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கழற்றிய வால்வில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால், அது சொட்டாமல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

நல்ல பிளம்பர் இந்த வேலையைச் செய்யும் முறையே ஒரு பாடம். சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் எம்சிபி-யையும் இறக்கிவிடுவார். கீசருக்குள் இருக்கும் சுடுநீர் ஓடித்தீர்ந்து, குழாயில் குளிர்நீர் வரும்வரை காத்திருப்பார். பிறகுதான் வரத்து வால்வை மூடுவார். அடுத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, அடிவாயின் நெம்புகோலைத் தூக்குவார். குழாயைத் திறக்க மறந்தால் மேலே காற்று புக வழியில்லாமல் நீர் உள்ளேயே தொங்கி நிற்கும். அனுபவமில்லாதவர் அதை அடைப்பு என்று நினைத்துவிடுவார். குழாய் திறந்திருந்தும் நீர் வரவில்லை என்றால்தான் உண்மையான அடைப்பு. ஒரு மெல்லிய செப்புக் கம்பியால் துளையை மெதுவாகக் குத்தி, வரத்து வால்வை ஒரு கணம் திறந்து மூடினால், அந்த விசையில் கட்டிகள் உடைந்து வெளியேறும். முதல் வாளியில் வரும் பால்நிற நீரும், அதனடியில் தங்கும் வெள்ளைச் செதில்களும் செம்மணலும் வீட்டுக்காரர் ஒருமுறையாவது பார்க்க வேண்டியவை.

வால்வைக் கழற்ற இரண்டு ரெஞ்சு வேண்டும். ஒன்று வால்வைத் திருக; மற்றது தொட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளை அசையாமல் பிடிக்க. ஒற்றை ரெஞ்சால் முரட்டுத்தனமாகத் திருகினால் நிப்பிளின் வெல்டிங் விரிசல் விடும். உள்ளே கண்ணாடிப் பூச்சும் உடையும். வாஷர் அமரும் தளத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வால்வையே மாற்றிவிடுவதுதான் சரி. புதிய வால்வின் மரையில் டெஃப்லான் டேப்பைக் கடிகாரச் சுற்றில், முதல் மரையை விட்டுவிட்டு, இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் பிரிந்து துணுக்குகளாகி, அடுத்த அடைப்புக்கு வித்திடும்.

படிந்து இறுகிய சுண்ணாம்பைக் கரைக்க, கடைகளில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம் போதும். வெதுவெதுப்பான நீரில் அதைக் கரைத்துக் கழற்றிய பாகங்களை ஊறவைத்தால் கரியமில வாயு நுரைத்தெழும். நுரை அடங்கும்போது படிவும் கரைந்திருக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றும் பழக்கம் கூடவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்போடு எஃகையும் தின்றுவிடும், குளோரைடையும் விட்டுச்செல்லும். காயிலையும் மெக்னீசியத் தண்டையும் தாங்கும் அடித்தட்டைக் கழற்றுவது மின்பணி தெரிந்தவரின் வேலை. எல்லாம் முடிந்து நீரை நிரப்பும்போது, வெந்நீர்க் குழாயில் காற்று வெடித்து வெடித்து வருவது நின்று, சீரான நீர் வந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். வெறும் தொட்டியில் காயில் சிவந்து எரிந்துபோகச் சில நிமிடங்கள் போதும்.

இவ்வளவும் பொருளைக் காப்பதற்கு. உடலைக் காப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்த விடுதியில் மர்மமான நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டு அதற்குக் காரணமான பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. லெஜியோனெல்லா என்று பெயரிட்டார்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில், வண்டலும் துருவும் சேர்ந்த இடங்களில் அது செழிக்கும். நீர்த்திவலைகளோடு மூச்சில் புகுந்து நுரையீரலைத் தாக்கும். 60 டிகிரிக்கு மேல் அது பிழைப்பது கடினம். வெந்நீரை அந்த வெப்பநிலையில் சேமிக்கச் சொல்வது அதனால்தான். குழாயில் வரும்போது அந்தச் சூடு தோலைச் சுடும் என்பதால் குளிர்நீர் கலந்தே பயன்படுத்த வேண்டும். சீசன் இல்லாத மாதங்களில் பல வாரம் பூட்டிக் கிடந்த அறையின் கீசர், நம் கோடைச் சூட்டிலேயே 30 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக நின்றிருக்கும். அப்படிப்பட்ட அறையைத் திறக்கும் நாளில் தொட்டியைக் காலி செய்து, புதுநீர் நிரப்பி, முழுச் சூட்டில் ஒருமுறை ஓடவிட்டுக் குழாயைத் திறந்துவிட்ட பிறகே விருந்தினருக்குக் கொடுக்க வேண்டும்.

கட்டடம் கட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீசரை உயரத்தில், கூரையை ஒட்டி, கை நுழையாத மூலையில் மாட்டாதீர்கள். அதன் அடியில் ஒரு ரெஞ்சு சுழலும் அளவுக்கு இடம் விடுங்கள். வரத்துக் குழாயில் கீசருக்கென்றே ஒரு தனி வால்வும், அடிவாயிலிருந்து தரை வடிகால் வரை ஒரு குழாயும் வையுங்கள். வாங்குபவர்கள் கடையில் கேட்க வேண்டியது, டிரெயின் பிளக் எங்கே இருக்கிறது, மெக்னீசியத் தண்டு தனியாகக் கிடைக்குமா என்பதை. போர்த் தண்ணீரைப் பயன்படுத்தும் கடற்கரை வீடுகளும் லாட்ஜுகளும் அந்தத் தண்டை ஆண்டுக்கு ஒருமுறையும், தொட்டியின் அடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்துவிடுவது நல்லது. ஆற்றுத் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு கழுவல் போதும்.